மிஸ் அறைக்குப் போகமாட்டோம்

அக்டோபர் 7, திங்கள்

காலையிலிருந்து மழை. கிள்ளான் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே சாக்ஸ் தொப்பல். மூளை மட்டும் காய்ந்த நிலையில் வகுப்பு.

தேர்வுத்தாள் வந்தது. நூற்றுக்கு 31. புள்ளியியலில் எனக்குப் புள்ளியும் இல்லை, இயலவும் இல்லை.

தர்ஷினி தன் தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள். "ஒன்னோடது எவ்ளோ டி?" என்று கேட்டேன்.

"விடு லா. நானும் அவுட்டுதான்."

நிம்மதி. படிவம் ஒன்றிலிருந்து, அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் வருடத்திலிருந்து, ஒரே பெஞ்சு. விழுந்தாலும் ஜோடியாக.

எங்கள் விரிவுரையாளர் வாசுகி மிஸ் வழக்கம்போல: "புதன்கிழமை ரெண்டு மணியிலேர்ந்து நாலு வரைக்கும் ரூம்லதான் இருக்கேன். புரியலைன்னா வாங்க. புரிஞ்சவங்க எதுக்கு வரணும்?"

பின்வரிசையிலிருந்து நான்: "மிஸ், பிஸ்கட் உண்டா?"

"நீ கொண்டு வா, சேர்ந்து சாப்பிடலாம்."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும்.

அடுத்த தேர்விலும் விழுந்தால் இறுதித் தேர்வு எழுத விடமாட்டார்கள். அடுத்த ஆண்டு இதே பாடம், என்னைவிடச் சின்னதுகளோடு. அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

வெயில். செய்ய வேண்டியவை:
- டுடோரியல் 4
- ஷாம்பு
- பிரவீனுக்கு ஸ்டிக்கர்

மூன்றாவது மட்டும் முடிந்தது. மிஸ் அறையிலிருந்து எங்கள் வகுப்புப் பிரவீன் வெளியே வந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். விரிவுரையாளர் அறைக்குப் போகிறவன் பொடேக், அதாவது காக்கா பிடிக்கிறவன். இது எங்கள் வகுப்புச் சட்டம். சட்டமன்றம் நான். ஸ்டிக்கரில் அவன் தலையில் கிரீடம், கையில் சோப்புக் கட்டி, கீழே 'பொடேக் ராஜா'. வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் ஆளாக தர்ஷி: "ஐயோ செத்தேன் டி!"

ரயிலில் சுண்டுவிரல் கோத்துச் சத்தியம். நாங்கள் இரண்டு பேரும் அந்த அறைக்குப் போகவே மாட்டோம். விரலை நீட்டியது நான். அவள் யோசிக்கக்கூட இல்லை, உடனே கோத்தாள்.

அக்டோபர் 9, புதன்

மேகமூட்டம். புதன்களில் தர்ஷி என்னோடு திரும்பமாட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸில் சித்தியின் பூக்கடை, மாலை கட்டும் வேலை. ஆகவே தனி வேட்டை. மூன்றாம் மாடி, தண்ணீர் இயந்திரத்துக்குப் பின்னால், கேமராவும் கையுமாக. அடுத்த பொடேக் யாரோ?

மிஸ் அறைக் கதவு திறந்தது. தர்ஷி.

"ஏழாவது கணக்கை மட்டும் நீயே போட்டுப் பாரு, அடுத்த வாரம் பாக்கலாம். 78 எடுத்துட்டு இன்னும் பயந்தா எப்படிம்மா?"

"சரி மிஸ்."

போன வாரமும் வந்தவளின் 'சரி மிஸ்' அது. நான் படம் எடுக்கவில்லை.

இத்தனை புதன்கள். ஒரு தடவைகூட அவள் கையில் மல்லிகை வாசம் இல்லை. மூக்கு இருந்தும் மோப்பம் பிடிக்கத் தெரியாத ஜன்மம் நான்.

அக்டோபர் 10, வியாழன்

கேன்டீன். நாசி லெமாக் வாங்கினேன், தேங்காய்ப்பால் சோறு.

"சித்தி கடையில வியாபாரம் எப்படி?"

"ம்... பரவாலே."

"கடை மூணாவது மாடியிலயா?"

தர்ஷியின் கரண்டி நின்றது.

"எப்போலேர்ந்து டி?"

"செமஸ்டர் ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"ஒன்கிட்டயா? பிரவீன் கையில சோப்பு குடுத்தவ நீ. என் மூஞ்சிய ஒட்ட எவ்ளோ நேரமாவும்?"

"ஒன்ன ஒட்டுவேனா?"

"ஒட்டமாட்டே. சிரிப்பே. அது போதாதா?"

தட்டைத் தள்ளி வைத்தேன்.

"நானும் அவுட்டுன்னியே, அது எதுக்கு?"

"நீ அழுதுருவேன்னு நெனச்சேன்."

அழவில்லை. இதை எழுதும்போதும் இல்லை. கொஞ்சம்.

அக்டோபர் 13, ஞாயிறு

காப்பாரில் அத்தை வீட்டு விருந்து. ஆட்டுக்கறி நன்று. நான் நன்றில்லை.

"யூனிவர்சிட்டி எப்படி போவுது?" என்றார் அத்தை. "சூப்பர் அத்தை." அப்பா பெருமையாக மீசையைத் தடவினார். தர்ஷி மாதிரியே பொய் சொல்ல வருகிறது எனக்கும்.

அவள் மிஸ்ஸிடம் போனதற்குக் கோபம் இல்லை. நான் பள்ளத்தில் கிடக்கிறேன். ஏணி எங்கே என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்னோடு உட்கார்ந்து ஏணியைப் பார்த்துச் சிரித்தாளே. அதுதான். இதற்கு ஸ்டிக்கர் செய்ய எனக்குத் தெரியாது.

அக்டோபர் 16, புதன்

புழுக்கம். அந்தக் கதவைத் தாண்டிக் கழிவறைக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். கழிவறையைக் கூட்டும் அக்காவே "வயிறு சரியில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டார். தட்டினேன்.

மிஸ் ஆச்சரியப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எது புரியல?"

"முதல் வாரம், மிஸ்."

"முதல் வாரத்துல எது?"

"வாரம் முழுக்க."

சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்தார். "பஸ்சு தெனமும் அஞ்சு நிமிஷம் லேட்டுன்னா நீயும் அஞ்சு நிமிஷம் லேட்டா கெளம்பலாம். ஒருநாள் கரெக்டா வந்து, ஒருநாள் இருபது நிமிஷம் லேட்டுன்னா? அந்த ஏத்த எறக்கத்தத்தான் அளக்குறோம். ஸ்டாண்டர்ட் டிவியேஷன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். இதுக்கா இத்தன நாள் பயந்தே? சரி, யாரு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல, மிஸ்."

வாய் கொஞ்சம் கோணியது. மிஸ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவர்.

வெளியே பெஞ்சில் தர்ஷி, அடுத்தது அவள் முறை. என்னைப் பார்த்ததும் எழுந்து, பையை எடுத்து இடம் விட்டாள்.

"பஸ்சு கதை சொன்னாங்களா? எனக்கும் அதான் மொதல்ல. ரொம்ப ஈசி லா, இல்ல?"

ஈசிதான். அது அவளுக்கு இத்தனை வாரமாகத் தெரியும்.