மஞ்சள் கல்லுக்கு ஊட்டிய இறால்

அன்புள்ள மகனுக்கு, அப்பா வாயால் சொல்ல, கீழ்வீட்டு டைலரம்மா கையால் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் என்று சொன்னதில் பாதி பொய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் வாயைத் திறந்தால் "சரிப்பா, மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். காகிதம் அப்படி நடுவில் என் வாயை மூடாது.

நீ கிளம்பின அன்று மழை. நீலச் சட்டை போட்டிருந்தாய், பையின் இடதுபக்க வார் அறுந்து சணல் கட்டியிருந்தாய். செருப்பை மாட்டிக்கொண்டே "மூணே மாசம்ப்பா, இந்தத் தவளை மீனை மட்டும் பாத்துக்கோ" என்றாய். பதினேழு மாதம் ஆகிவிட்டது. என்னென்ன செய்ய வேண்டும் என்று தாள் நிறைய எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டுப் போனாயே, யார் படிக்க? உன் அப்பனுக்கு எழுத்து தெரியாது என்பது அவசரத்தில் மறந்துவிட்டதா? நீ வாயால் சொன்னது அத்தனையும் எனக்கு மனப்பாடம். தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், மாற்றும்போதுதான் உப்புத் தண்ணீர், உப்பு பார்க்கிற டப்பாவின் முள் பச்சைக் கோட்டில் நிற்க வேண்டும், மூன்று நாளுக்கு ஒரு இறால், செத்ததாகத் தெரிந்தால் தொடாது, அதனால் கம்பி நுனியில் குத்தி உயிரோடு நீந்துவது போல ஆட்ட வேண்டும். ஒரு நாள் பிசகவில்லை. உன் மீன் இருக்கிறதே, துரை என்றுதான் நான் கூப்பிடுகிறேன், அவர் மட்டும் ஒரு வேலையும் செய்ய மாட்டார். கல்லோடு கல்லாக உட்கார்ந்திருப்பார், நெற்றியில் தூண்டில் போல முளைத்த இழையை இரண்டு ஆட்டு ஆட்டுவார், பக்கத்தில் ஏதாவது வந்தால் லபக். உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடு வருகிற யோகம் எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை.

போன மாதம் துரை சாப்பாட்டை நிறுத்திவிட்டார். உன்னை நினைத்து ஏங்குகிறாரோ என்றுகூட நினைத்தேன், அவ்வளவு முட்டாள் நான். ஆறு நாள் தினமும் அந்த மஞ்சள் முகத்துக்கு நேராகக் கம்பியை ஆட்டிக் கெஞ்சினேன், வாயே திறக்கவில்லை. விழுந்த இறால் அழுகித் தண்ணீர் நாறியது. கூட இருந்த இரண்டு நீலக் குஞ்சு மீனையும் காணோம். டைலரம்மாவின் பூனைதான் தின்றது என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன். இதை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடுகிறார், எழுதும்மா, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் அக்கா வந்தாள். "யாருக்குப்பா ஊட்டிட்டிருக்க?" என்றாள். மீனுக்குத்தான் என்றேன். "அது பவளக் கல்லுப்பா!" அவள் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் கருஞ்சிவப்பாகக் கிடந்த இன்னொரு கல் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. அதுதான் துரை. நீ விட்டுப் போனபோது எலுமிச்சை மஞ்சள், இப்போது அந்த இருட்டுக் கல்லின் நிறம். நிறம் மாறும் என்று நீ சொல்லவே இல்லை. தாளில் ஏழாவது வரியில் இருக்கிறதாம், அக்கா படித்துக் காட்டினாள். நீலக் குஞ்சுகள் போன இடமும் அப்போதுதான் புரிந்தது. நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. எட்ட நின்று விரலை நீட்டி எத்தனை என்று கேட்டாள். தப்பாகச் சொன்னேன்.

இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது. எட்டு மாதமாக எனக்குத் தெரியும், உன்னிடம் சொல்லவில்லை, அதற்கு நீ என்மேல் கோபப்படு. இந்த மீனுக்காக ஆபரேஷனை இரண்டு தரம் தள்ளிப் போட்டேன், அதற்கு நான் உன்மேல் கோபப்படுகிறேன். ஒரு மாதம் குனியக்கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்கிறார் டாக்டர். மீனைப் பார்த்துக்கொள் என்றால் அக்காவோ "அது என்னையே முழிச்சுப் பாக்குதுப்பா" என்று ஓடுகிறாள். தொட்டிக் கடைக்காரர் "எங்கிட்ட குடுங்க பெரியவரே, நான் வச்சுக்கறேன்" என்கிறார். உன் பொருளை உன்னைக் கேட்காமல் கொடுக்க மனசு வரவில்லை, உன்னைக் கேட்டால் "பாக்கலாம்ப்பா, கொஞ்சம் பொறு" என்கிறாய். நான் பொறுப்பேன், கண் பொறுக்காதாம்.

வருகிற பதினெட்டாம் தேதி ஆபரேஷன். இந்தத் தரம் தள்ள மாட்டேன். பதினேழாம் தேதி சாயங்காலத்துக்குள் நீ வர வேண்டும், இல்லை கொடுத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கடைக்காரர் வாளியோடு வருவார், நான் தடுக்க மாட்டேன்.

போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும், தலைவலி வராமல் நேரத்துக்குத் தூங்கு. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். வருவதானால் சின்ன வயதில் செய்வது போலச் சத்தம் காட்டாமல் வந்து நிற்காதே. அந்த நீலச் சட்டையிலேயே வந்தாலும் வாசலில் நிற்பது நீயா கதவா என்று எனக்குத் தெரியாது. அப்பா என்று கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
(கீழே இருப்பது என் கட்டைவிரல், மை டைலரம்மாவுடையது)