பையைக் கழற்றி அளந்த காற்று

என் வீட்டு மகாராணிக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? எனக்குக் கொஞ்சம் இருமல், வேறொன்றுமில்லை.

எங்கள் மரப்பட்டறைக்குத் தூசி உறிஞ்சும் புது மெஷின் வந்திருக்கிறது. அதன் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் பாதிகூட இழுக்கவில்லை. தொழிற்சாலை ஆய்வு அதிகாரி சோதிக்க வந்த அன்று, மேஸ்திரியான உன் அண்ணன் குழாயையும் வடிகட்டும் பையையும் கழற்றச் சொன்னார். நம்பிக் கழற்றினேன். வழியில் தடை இல்லாததால், காற்றை அளக்கும் மீட்டர் அட்டைக் கணக்கை அப்படியே காட்டியது. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

“மெஷின் கம்பெனிக்காரனும் இப்படித்தான் அளக்கிறான் மாப்பிள்ளை. வாயத் தொறக்காதீங்க,” என்றார் உன் அண்ணன். தூள் பறக்கிற இடத்தில் யார் வாயைத் திறப்பார்கள்?

மணி அடித்துவிட்டது. முகத்தில் கட்ட உன் பழைய பருத்திப் புடவையில் நாலு துண்டு கிழித்துத் தபாலில் அனுப்பு. அண்ணன் லீவில் வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்