பந்து நம்ம கையில

கிளீவ்லேண்ட்,
திங்கள் காலை

அன்புள்ள டென்னிஸ் அண்ணாவுக்கு,

அப்பாவின் மூளையைத் தின்றது ஃபுட்பால்தான். பள்ளி அணியிலும் அப்புறம் உருக்காலை அணியிலும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதி மோதி வாங்கிய அடி அது. ஆலை முதலாளிகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, மறதியை அவருக்கு விட்டுவிட்டு, ஆலையையும் இழுத்து மூடிவிட்டுப் போனார்கள். இதில் உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை.

ஆனால், இனி அவரை ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போகாதே, போனால் அரிசோனாவுக்கு அழைத்து வந்து ஏதாவது முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். நேற்றும் கூட்டிப் போனேன். மறைக்க விரும்பவில்லை.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பிடுகிறார், தூங்குகிறார். என் பெயர்தான் வருவதில்லை. "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை அணித் தொப்பியை மாட்டிவிட்டால் போதும், வேறு ஆள்.

கார் நிறுத்துமிடத்தில் பக்கத்து வீட்டு ஸோல்டன் வழக்கம்போல வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும், "வாய்யா கிழட்டு எருமை! இந்த வருஷமாச்சும் நம்ம டீம் பசங்க உருப்படுவானுங்களா?" என்றார். அப்பா யோசிக்கக்கூட இல்லை. "நீ வீட்லயே கெடந்தா உருப்படுவானுங்க." சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். காலையில் கரண்டிக்குப் பெயர் தெரியாமல் விழித்த மனிதர், அண்ணா.

அரிசோனா வெயிலில் நீ மறந்திருக்கலாம். எதிரியிடம் பந்து இருந்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். நம்மிடம் இருந்தால் மூச்சு விடக் கூடாது. நம் அணியில் ஆட்டத்தை நடத்துகிறவன் போடும் குரல் மற்றப் பையன்கள் காதில் விழ வேண்டுமே. அப்பா இதை மட்டும் மறக்கவில்லை. முன்வரிசையில் குடித்துவிட்டுக் கூவிய ஒருவனின் தோளைத் தட்டி, "டேய் தம்பி, பந்து நம்ம கையில. வாயைப் பொத்து!" என்றார். அவன் முறைத்துப் பார்த்தான். அப்புறம், "சரிங்க பெரியவரே" என்று அடங்கிவிட்டான்.

நம்மவன் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்து புள்ளி எடுத்தபோது அப்பா என்னைத் தூக்கியே விட்டார். ஏரிக்காற்றில் பனி முகத்தில் அறைகிறது, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். வாரம் முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்குகிற எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வேறு எங்கே கிடைக்கிறது, சொல்.

அடுத்த பாதியில் எதிரணிப் பையன் ஒருவனை நம் ஆட்கள் மோதிச் சாய்த்தார்கள். சரியான அடி. நானும் எழுந்து நின்று கத்தினேன். பையன் எழுந்திருக்கவில்லை. இரண்டு அணிக்காரர்களும் பனியில் மண்டியிட்டார்கள். கோட்டைக் கழற்றிவிட்டுக் கதகதப்பாக உட்கார்ந்து பார்க்கிற பணக்காரர்களின் கண்ணாடி அறைகள் மேலே மின்னிக்கொண்டிருந்தன. ஸ்டேடியம் முழுக்க ஒரு சத்தம் இல்லை.

அப்பா சுற்றிலும் பார்த்தார். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக என் காதில் சொன்னார்: "பாத்தியா, எப்படி அடங்கிட்டாங்க! பந்து நம்ம கையில."

ஆமாம்பா என்றேன்.

பையனைத் தூக்கிப் போனார்கள். நினைவு திரும்பிவிட்டதாக இன்று ரேடியோவில் சொன்னார்கள். ஆனால் அதெல்லாம் தெரிவதற்கு முன்பே, ஆட்டம் மறுபடி தொடங்கிய கொஞ்ச நேரத்தில், நான் மறுபடி எழுந்து கத்திக்கொண்டிருந்தேன். சீ என்று இருக்கிறது. அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படி இருக்கின்றன என்று எனக்குப் புரியவில்லை.

நீ சொல்வது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொன்னால், அவர் மனிதராக இருக்கிற அந்த ஒரு நாளையும் நானே பிடுங்கியவள் ஆவேன்.

அண்ணியும் நீயும் நலமாக இருங்கள். ஆனால் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு எழுதாதே. வருகிற ஞாயிறும் ஆட்டம் இங்கேதான். விமானம் ஏறி வா. அவர் பக்கத்தில் உட்கார். அவர் முகத்தைப் பார்த்து, "இனி இது வேண்டாம்பா" என்று நீயே சொல்.

உன்னால் முடியுமா? அதற்கு மட்டும் பதில் எழுது.

உன் தங்கை,
மார்லா