ஒன்பதாவது ரிப்பன்

ஓர்லியன் தீவு, கியூபெக்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாரீஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் மகள் நொயெமியும் சுகம். உன் சுகம்தான் தெரியவில்லை. வான்கூவருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. அதனால் பேனாவைப் பிடித்தேன். நேற்று நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. யாரிடமாவது சொன்னால்தான் ஆறும்.

நேற்று நம் வம்சக் கூட்டம். நம் வம்சத்தின் முதல் பாட்டி பெரின், முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் கல்யாணம் கட்டிக்கொள்ளப் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்து குடியேறிய நிலத்தில் நினைவுக் கல் நட்டோம். 'அரசர் சீர் கொடுத்து அனுப்பிய கன்னிப் பெண், எட்டுப் பிள்ளைகளின் தாய்' என்று வெட்டியிருந்தது. நான்தானே இரண்டு குளிர்காலம் கோயில் கோயிலாக அலைந்து ஞானஸ்நான ஏடுகளைப் புரட்டி அவள் கதையைத் திரட்டினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. வழக்கம்போல அவளுடைய எட்டுப் பிள்ளைகளில் ஒவ்வொரு பிள்ளை வழி வந்தவர்களுக்கும் ஒரு நிற ரிப்பன். நம் மஞ்சளை நொயெமி தலையில் கட்டிக்கொண்டாள்.

உன் ரெஜான் மாமாதான் வாசலில் ரிப்பன் கொடுத்தான். பிரான்சிலிருந்து சொலாஞ்ச் என்று ஒரு அம்மாள் வந்தார். "நீங்க எந்தப் பிள்ளை வழிங்க?" என்று கேட்டான். "மூத்த பிள்ளை வழி" என்றார். மூத்தவன் ஜாக் வழிக்கான சிவப்பை நீட்டினான். "ஜாக் இல்லைங்க, அதுக்கும் மூத்தவ. மார்த்னு பேரு" என்றார் அவர். "ஜாக்குக்கு மூத்தவளா? அப்போ கப்பல்லயே பெத்துட்டாளா எங்க பாட்டி?" என்று ரெஜான் ஊரைச் சிரிக்க வைத்தான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "பெரின் கப்பலேறினப்போ மார்த்துக்கு மூணு வயசு. ரொஷெல் துறைமுகத்துல அக்கா வீட்ல விட்டுட்டு, வீடு வாசல் அமைஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்தா, திரும்பிப் போகவே இல்ல" என்றார்.

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு என்ன பேச்சு இது என்று சண்டைக்கே போனேன். அவர் கோபப்படவில்லை. அங்கே மார்த்துக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில் எடுத்த பதிவு நகலையும், பிள்ளையை அக்காவிடம் விட்டபோது எழுதிய ஒப்பந்த நகலையும் காட்டினார். தாய் அதே பெரின், அவள் அப்பன் பெயரும் அதே, தெருவும் அதே. நான் அலைந்ததெல்லாம் அவள் கப்பலிறங்கிய பிறகான கதைக்குத்தான். முன்கதையைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை. ரெஜான் கல்லைப் பார்த்து, "கன்னிப் பெண்ணுன்னு ஆழமா வேற வெட்டித் தொலைச்சிட்டானே" என்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சொலாஞ்ச் இன்னொன்றும் சொன்னார். அவர்கள் வீட்டில் நடக்காத காரியத்தை யாராவது நடக்கும் என்று சொன்னால், "பெரின் வரட்டும், பார்க்கலாம்" என்பார்களாம். யார் பெரின் என்று தெரியாமலே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இவர் தேடிக் கண்டுபிடித்த பிறகு அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லையாம்.

ராத்திரி முழுக்க அவளுக்காக நானே வாதாடினேன். புதுப் புருஷனிடம் எப்படிச் சொல்லுவாள், திரும்பிப் போக எந்தக் கப்பலில் இடம் கொடுப்பார்கள், எட்டுப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று. எல்லாம் நியாயம்தான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நியாயம் என்ன தெரியும்?

நேற்று சொலாஞ்சுக்கு ரிப்பன் கொடுக்க ஒன்பதாவது நிறம் இல்லை. நொயெமி தன் மஞ்சளை அவிழ்த்து அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்று காலை சர்க்கரைப் பணியாரம் சாப்பிடும்போது, "ஸ்ட்ராபெரி பழுத்ததும் வர்றேன்னு சொன்னாளே, பழுத்தாச்சு, உங்க அம்மா வந்துடுவா பாரு" என்றேன். அவள் அழவில்லை, முகம்கூட மாறவில்லை. தட்டைப் பார்த்தபடியே, "பெரின் வரட்டும், பார்க்கலாம்" என்றாள்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, மாரீஸ். அங்கே உன் கஷ்டம் உனக்கு. வீடு அமையட்டும் என்று காத்திருக்காதே. அமையாவிட்டாலும் வா, வெறுங்கையோடு வா. மாதா உனக்குத் துணையிருப்பாள்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா உகெத்