விலை தெரிந்த அண்ணைக்கு

நெடுந்தீவுக் கடலில் அத்தனை வருடம் சுழியோடியும் தடிமன் காய்ச்சல் என்று ஒருநாளும் படுக்காத என் அண்ணைக்கு,

போன வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் என் கடைசி விரிவுரை முடிந்தது. மாலை போட்டார்கள், வடையும் தேநீரும் தந்தார்கள். சந்தோசமாகத்தான் இருந்தேன். நீங்கள் வந்திருந்தால் பின்வரிசைக் கதிரையில் நித்திரை கொண்டிருப்பீர்கள்.

சர்வதேச வர்த்தகப் பேராசிரியை என்று பெயர். ஆராய்ந்ததெல்லாம் நீங்கள் சுழியோடிப் பிடித்த கடலட்டையைத்தான். அது நம் கரையிலிருந்து சீனாவரை போகும் வழியை எழுதித்தான் பட்டம் வாங்கினேன். "நாங்கள் தின்னாத சாமானுக்கு இவ்வளவு பெரிய புத்தகமோ?" என்று சிரித்தீர்கள்.

அதில் ஒரு முழு அத்தியாயம் உங்களிடம் அட்டை வாங்கும் முதலாளியைப் பற்றியது. கொழும்பில் கூடிய விலை இருக்க, தீவுக்காரர் ஏன் அவருக்கே குறைத்துக் கொடுக்கிறார்கள்? வெளிவிலை அவர்களுக்குத் தெரியாது என்று எழுதினேன். எத்தனை மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

உங்கள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, நான் தந்த பிரதி அகப்பட்டது. அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள்: "விலை எங்களுக்குத் தெரியும், தங்கச்சி. வருத்தக்காரரை எந்தக் காத்திலையும் அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஏத்திறது முதலாளியின்ரை வள்ளம். அம்மாவும் அதிலைதான் போனவ. அந்த மனிசனை விட்டிட்டு வேறை ஆருக்கு விக்கிறது?"

அம்மாவுக்கு நெஞ்சுநோ வந்தபோது நான் கொழும்பிலிருந்து நேரே யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தேன். அம்மா பிழைத்தார், அதுவே போதுமாக இருந்தது. கடலட்டை எந்தக் கப்பலில் போகிறது என்று தேடித் திரிந்த எனக்கு, அம்மா எப்படிக் கடல் தாண்டினார் என்று கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் ஏன் அண்ணை வாயால் சொல்லவில்லை? என் பதவிக்குப் பழுது வரும் என்று பயந்தீர்களா?

கடைசி விரிவுரையில் அந்தப் பென்சில் குறிப்பை வாசிப்பதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன். வாசித்தேன். ஒரு மாணவி எழும்பி, "அப்ப அந்த அத்தியாயம் பிழையோ, மிஸ்?" என்று கேட்டாள்.

"ஓம், பிழை" என்றேன். பேராசிரியர் பதவி கிடைத்த அன்றுகூட இப்படியொரு நிம்மதி வரவில்லை.

மறுபதிப்பு வரப்போகிறது. நெடுந்தீவில் நம் வீட்டிலேயே தங்கி, அந்த அத்தியாயத்தைப் புதிதாக எழுதப் போகிறேன். கரையில் யாரைச் சந்தித்தாலும், வருத்தம் வந்தால் எப்படி அக்கரை போவீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். உங்கள் பென்சில் வரிகள் அப்படியே முதல் பக்கத்தில் இருக்கும், உங்கள் பெயரோடு.

அம்மா போன வழியை இப்போதுதான் விசாரிக்கும்,
உங்கள் தங்கச்சி