பாகில் ஒட்டிய ஒன்பது வாக்குகள்

ஹார்லோ, வெர்மான்ட்
மார்ச் 5

அன்புள்ள ஹெஸ்டர்,

நேற்று ஊர்க்கூட்டத்தில் தேர்தல் நடத்தும் கிளார்க் வேலைக்கு ஒருவரும் நிற்கவில்லை. தலைவர் மூன்று முறை கேட்டார். கூடம் நிறைய ஆள். எல்லோரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யாரு வருவா? நவம்பர்ல ஹெஸ்டரைப் படுத்துன பாட்டைப் பாத்தோமில்ல?" என்றாள் ஒருத்தி. என் பக்கம் யாரும் திரும்பவில்லை. அதுதான் சுட்டது.

கிளார்க் இல்லாததால், இத்தனை காலம் நாமே கையால் எண்ணிய வாக்குகளை இனி வேறு ஊருக்கு அனுப்பப்போகிறார்களாம். நாடு கெட்டுப்போச்சு என்று என் தீவனக் கடையில் தினமும் புலம்புகிறவன் நான். என் பங்கு எவ்வளவு என்று பார்த்ததில்லை.

உன் வீடு பூட்டியே கிடக்கிறது. உன் அக்கா வீட்டில் இருந்தது போதும், மறுபடி கிளார்க்காக வா. சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்கிறேன்.

உன் பள்ளித் தோழன்
மெர்ல்

மார்ச் 14

மெர்ல்,

சம்பளமா கேட்டேன்? வாக்களித்தவர் பெயர்ப் பட்டியலைவிட வாக்குச் சீட்டு ஒன்பது குறைந்ததும், நாற்காலி மேல் ஏறி, "திருடிட்டா!" என்று கத்தியவன் நீ. மறுநாள் ஒன்பதும் கிடைத்தன. தீயணைப்பு வண்டிக்குப் பணம் திரட்ட அன்று அதே கூடத்தில் பான்கேக் தோசை விற்றோமே, அதற்கு ஊற்றிய மேப்பிள் மரப் பாகில் மற்ற சீட்டுகளோடு ஒட்டிக் கிடந்தன. பாகு யார் கடைச் சரக்கு? அதன் பிறகும் என் வாசலில் வண்டிகளை நிறுத்தி ஹாரன் அடித்தார்கள். நீ அடிக்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை.

எந்த நாற்காலியில் ஏறினாயோ, அதிலேயே ஏறிச் சொல். பிறகு பேசலாம்.

ஹெஸ்டர்

ஏப்ரல் 23

அன்புள்ள ஹெஸ்டர்,

நேற்று சிறப்புக் கூட்டத்தில் அதே நாற்காலியில் ஏறினேன். "ஹெஸ்டர் திருடல. பாகும் என்னுது, வாயும் என்னுது" என்றேன். பால்பண்ணை கிளைட் விடவில்லை: "கேக்கல மெர்ல்! அன்னிக்குப் பக்கத்து ஊருக்கே கேட்டுச்சே!" இன்னொரு முறை சொன்னேன். கூடமே சிரித்தது. எத்தனை நாளாயிற்று அங்கே சிரிப்பைக் கேட்டு!

உன்னையே கிளார்க்காக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். எண்ணும் வேலைக்கு இரண்டு கட்சியிலிருந்தும் பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். போன முறை நால்வர்தான்.

காலையில் நீ போனில் சொன்னதைப் பேச்சு மாறாதிருக்க எழுதி வைக்கிறேன். உனக்குப் பழைய சம்பளமே, ஒரு டாலரும் அதிகமில்லை. எண்ணும் மேஜையில் உன் எதிர் நாற்காலி எனக்கு, ஒவ்வொரு தேர்தலுக்கும், கூலியில்லாமல். பான்கேக் வெளியே கொட்டகையில். கை கழுவாமல் சீட்டைத் தொடமாட்டேன். சோப்பு என் செலவு.

எல்லாம் எனக்குச் சம்மதம்.

மெர்ல்