பையைப் பார்த்து எழுதிய செய்தி

என் அன்பு மச்சான் நிஸாம்,

நீ அடங்கியிருக்கும் மையவாடியைக் கடக்கும்போது உனக்குச் சொல்லும் ஸலாத்தையே இங்கும் முதலில் எழுதுகிறேன். ஐந்து வருடமாக அதை நான் நின்று சொன்னதில்லை. சைக்கிளை மிதித்தபடியே சொல்லிவிட்டுப் போய்விடுவேன். உன்மீது எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு உரியவன் நீ இல்லை என்று சென்ற மாதம்தான் தெரியவந்தது.

இதை வாசிக்கிறவர்கள் பலருக்கு உன்னைத் தெரியாது. நீ என் பள்ளிக்கூடத் தோழன். கல்முனையில் கணினி வகுப்பு நடத்தினாய். என் தங்கை ஹபீபாவைக் கலியாணம் முடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி மருதமுனையில் அவளுடைய சீதன வீட்டுக்குக் குடிவந்தாய். வாசலில் நின்றால் கடல் தெரியும் வீடு.

உனக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. ஆளில்லாத ஒரு தீவில் கதவுகளையும் பொறிகளையும் புதிர் அவிழ்த்துத் திறந்துகொண்டு போகிற கணினி விளையாட்டு அது. சுடுவதும் துரத்துவதும் அதில் கிடையாது. தொடராக வந்தது. அதே தீவைப் பற்றி மூன்று நாவல்களும் உண்டு. பிரதி எடுத்த சீடியை நீ தொடமாட்டாய். அசல் பெட்டி வேண்டும், அதற்குள் வருகிற வெற்றுக் குறிப்பேடும் வேண்டும். கட்டாரிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாரும் சென்ட் போத்தல் கேட்பார்கள், நீ சீடி கேட்பாய். நான் பத்திரிகை வேலையாகக் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவர்களிடம் உனக்காகக் குந்தியிருப்பேன். முதலாம், மூன்றாம் நாவல்கள் கிடைத்தன. இரண்டாவது கிடைக்கவே இல்லை.

உன் வகுப்பறையில் இருவரும் சேர்ந்துதான் விளையாடுவோம். நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். ஒரு அடையாளத்தை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நெம்புகோலை இழுக்கக் கூடாது, இன்னோர் இடத்திலும் அது இருக்க வேண்டும். நான் அவசரப்பட்டால் என் கையைத் தட்டிவிடுவாய். "பொறு மச்சான். நீயெல்லாம் எப்பிடித்தான் நிருபரா இரிக்காய்?"

அந்தக் குறிப்பேடு உன்னைச் சோதனைச் சாவடியில் இருத்திவைத்த நாள் நினைவிருக்கிறதா? தீவின் வரைபடம், சுரங்கப் பாதைகள், யாருக்கும் விளங்காத எழுத்துகள், பக்கம் பக்கமாக எண்கள். யுத்த காலத்தில் அப்படியொரு கொப்பியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏற உன்னால்தான் முடியும்.

"இது எந்த ஊர்?" என்று சிப்பாய் கேட்டான்.

"இல்லாத ஊர் சேர்."

"இல்லாத ஊருக்கு என்னத்துக்குச் சுரங்கம்?"

நான் நிருபர் அட்டையைக் காட்டி உன்னை மீட்டு வரும்போது பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். வழி நெடுக நீ சிரித்துக்கொண்டே வந்தாய். ஹபீபா சிரிக்கவில்லை. "இனி அந்தச் சாமான் இந்த ஊட்டுக்க இரிக்கக் கூடா. நான் வேணுமா, தீவு வேணுமா எண்டு இப்பவே சொல்லுங்க" என்றாள்.

நீ சாமானை எடுத்துக்கொண்டு போனாய். எங்கே வைத்தாய் என்று அவளிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள்தான் எங்கேயோ ஒளித்திருக்கிறாய் என்று அவள் கடைசிவரை நம்பினாள்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கொழும்பில் இருந்தேன். என் பையில் உன் இரண்டாவது நாவல் இருந்தது. முதல் நாள்தான் கிடைத்தது, அட்டை மட்டும் கிழிந்திருந்தது. கடல் முதல் தடவை முற்றத்துக்கு வந்து திரும்பியதும், நீ ஹபீபாவையும் மகள் ஸஹ்ராவையும் பிரதான வீதிவரை கொண்டுவந்து விட்டிருக்கிறாய். பிறகு, "இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டுக் கடலை நோக்கியே திரும்ப ஓடியிருக்கிறாய்.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது உன்னைக் கண்டெடுத்திருந்தார்கள். அந்தப் பை உன் தோளில் குறுக்காக மாட்டியபடி கிடந்தது. உள்ளே சீடிகள், இரண்டு நாவல்கள், சேறு. வாரை அறுத்து எடுத்தவன் நான்தான். ஹபீபா அதைப் பார்த்தாள். "இதுக்கா?" என்று ஒரு தரம் கேட்டாள். அதற்குப் பிறகு அழவில்லை.

அன்று பின்னேரமே தொலைபேசியில் செய்தி கொடுத்தேன். ஊரில் எத்தனையோ மரணம். உன் மரணத்தில் மட்டும் ஒரு 'கதை' இருந்தது. தன் விளையாட்டுச் சேகரிப்பை மீட்கத் திரும்பிய ஆசிரியர் அலையில் பலி. நான் யாரையும் விசாரிக்கவில்லை. பையைப் பார்த்தேன், எழுதினேன். மீன்பிடித் தோணி ஒன்று காணாமல் போனால்கூட இரண்டு பேரிடம் கேட்டுத்தான் எழுதுகிறவன் நான்.

அந்தச் செய்தியை ஊர் பாடமாக்கிக்கொண்டது. "சீடிக்கு மௌத்தான நிஸாம்" என்பார்கள், சீடிக்காகச் செத்தவனாம். பள்ளிக்கூடத்தில் ஸஹ்ராவை "சீடிட மகள்" என்று கூப்பிட்டார்கள். ஹபீபா உன் பெயரையே சொல்லமாட்டாள், "அந்த மனிசன்" என்பாள். கரையில் திரும்பக் கட்ட விடாததால் இப்போது அவர்கள் தொடர்மாடி வீட்டில், இரண்டாம் மாடியில் இருக்கிறார்கள். அங்கே உன் படம் ஒன்றுகூட இல்லை.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தன. சென்ற மாதம் ஒரு பின்னேரம் ஒரு கிழவர் ஊன்றுகோலோடு அந்த மாடிப்படிகளில் ஏறி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நானும் அங்கே இருந்தேன். பக்கத்து ஊரான பாண்டிருப்பு இராசையா என்றார். ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர், வாதம் வந்து ஒரு கால் விழுந்தபின் கரையோர வீட்டிலேயே கிடந்தவர். நீ வகுப்பு முடிந்து வரும் வழியில் தினமும் அவருடன் கதைத்துவிட்டு வருவாயாமே! எங்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

"தம்பிட பை என்ட ஊட்டு ஆணியிலதான் தொங்கினது. இதுக்க என்னடா எண்டு கேட்டா, தீவு அண்ணன் எண்டுவான். மீன் படுமா எண்டு கேப்பன். ஆளில்லாத தீவுல மீன் ஆருக்கு அண்ணன் எண்டு சிரிப்பான்."

ஹபீபா வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு ஓடி வந்து என்னைத் தூக்கி முதுகில போட்டான். நான்தான் பிள்ளை, ஆணியில கிடந்த பையை எட்டி எடுத்து அவன்ட தோளில மாட்டின நான். அது கிடக்கட்டும் அண்ணன் எண்டான். நான் கேக்கல்ல. பக்கத்து மாடி வீட்டுல என்னை ஏத்திப்போட்டு, மதினியக் கூட்டி வாறன் எண்டு இறங்கினான். என்ட மனிசியும் வரல்ல, அவனும் வரல்ல."

"ஏன் ஐயா இவ்வளவு நாளா வந்து சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"ஆசுபத்திரியில இருந்து மகள் வாகரைக்குக் கொண்டு போயிட்டாள். பிறகு அங்க சண்டை, முகாம், இன்னொரு முகாம். உங்களுக்குத் தெரியாம இரிக்கும் எண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல, மனே. ஊரே அவனைப் புகழும் எண்டுதான் நினைச்சன்."

அந்தப் பை இல்லாவிட்டால் நீ நீந்தியிருப்பாய் என்று அவர் தினமும் நினைக்கிறாராம். அவர் தன் பங்கைப் படியேறி வந்து சொல்லிவிட்டார். என் பங்கைச் சொல்ல எனக்கு அங்கே வாய் வரவில்லை.

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆசிரியர் பீடத்தில் இப்போது புதியவர். "அஞ்சு வருசத்துக்கு முந்தின செய்திக்கு இப்ப திருத்தமா? அத ஆர் ஞாபகம் வெச்சிருக்காங்க?" என்றார். எங்கள் ஊரை அவருக்குத் தெரியாது.

ஹபீபாவிடம் போய், எப்படியாவது திருத்தம் போடவைக்கிறேன் என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நாலு மாசமும் பத்து நாளும் வெளிய வராம இத்தா இருந்தன் காக்கா. அவருக்காக ஒரு துஆக் கேட்கல்ல. ஒவ்வொரு நாளும் ஏசினன். அத எந்தப் பேப்பர்ல திருத்துவீங்க?"



பையை நான் எறியவில்லை. சீடிகளில் உப்புப் பூத்திருக்கிறது, ஒன்றும் ஓடாது. இரண்டு நாவல்களும் காய்ந்து பலகையாகிவிட்டன. நான் வாங்கி வந்த இரண்டாவதை நடுவில் வைத்து, மூன்றையும் நேற்று ஸஹ்ராவிடம் கொடுத்தேன். "வாப்பா இதுக்குப் போகல்ல தானே?" என்று கேட்டாள். "இல்ல மகள்" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் திருத்தம் அது.

இனி உனக்கு என் வாக்கு. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், சனம் கலையுமுன் பள்ளிவாசல் படியில் நிற்பேன். என் பெயரைச் சொல்லி, நான் எழுதியது பொய் என்று சொல்வேன். இராசையா அண்ணனைக் கூட்டிவர ஆட்டோ பேசிவிட்டேன். நீ எங்கே போனாய் என்று அவர் சொல்வார். இந்தத் தடவை இரண்டு வாய் இருக்கும். ஹபீபா வருவாளா என்று நான் கேட்கவில்லை. வாசலுக்கு வெளியே, பெண்கள் நிற்கிற மர நிழலில் ஓர் இடம் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்னை ஒரு தரம் கடல் கொண்டுபோன பிறகு, மறுபடி ஒரு தரம் கொன்றவன்,
ஹபீபாவின் காக்கா,
உன் மச்சான்.